ஆழ்கடல் தரையை அளக்கும் ஆளில்லா ஊர்தி

கடலுக்கடியில் ஆள் ஏறாமல், மேலிருந்து வடம் கட்டி யாரும் இயக்காமல், கணினியில் ஏற்றிவைத்த பாதையில் தானாக ஓடி, அளவெடுத்துக்கொண்டு திரும்பி வரும் இயந்திரம்தான் தானியங்கி நீர்மூழ்கி ஊர்தி. துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக ஏ.யூ.வி. என்பார்கள். பெரும்பாலானவை டார்பிடோ வடிவில் நீண்டு உருண்டிருக்கும். உள்ளே மின்கலங்கள், கணினி, ஒலிக்கருவிகள், கேமரா. வாலில் ஒரு சுழலியும் திசை திருப்பும் துடுப்புகளும். இரண்டு பேர் தூக்கிப் படகில் வைத்துவிடக்கூடிய சிறிய வகையும் உண்டு. பளுதூக்கி இல்லாமல் அசைக்க முடியாத இரண்டு டன் வகையும் உண்டு.

இப்படி ஒன்று தேவைப்படுவதற்குக் கடல்நீரின் குணமே காரணம். இருநூறு மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி ஏறத்தாழ இல்லாமல் போகிறது. ரேடியோ அலை உப்புநீரில் நுழைந்ததுமே மடிந்துவிடுகிறது, எனவே ஜி.பி.எஸ்.ஸும் செயற்கைக்கோள் தொடர்பும் கடலடியில் பயன்படா. தண்ணீருக்குள் தொலைதூரம் போகக்கூடியது ஒலி ஒன்றே. அது நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் பார்த்த காலம் போய், இன்று கப்பலின் அடியிலிருந்து ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். சோனார் என்பது இதுதான்.

ஆனால் ஒலிக்கற்றை கீழே போகப் போக விரியும். ஒரு பாகை அகலமுள்ள கற்றை 5,000 மீட்டர் ஆழத்தைத் தொடும்போது 87 மீட்டர் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. அந்தப் பரப்புக்குள் பாறை இருந்தாலும் பள்ளம் இருந்தாலும் உடைந்த விமானமே கிடந்தாலும் வரைபடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே புள்ளி. அதே கற்றையைத் தரைக்கு 50 மீட்டர் மேலே கொண்டுபோய் விட்டால் அகலம் ஒரு மீட்டருக்கும் கீழே வந்துவிடும். அளக்கும் கருவியைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோவது, அங்கேயே மணிக்கணக்கில் வைத்திருப்பது: ஏ.யூ.வி.யின் வேலை முழுவதும் இதற்குள் அடங்கும்.

பக்கத்தில் போவது எவ்வளவு அவசியம் என்பதைத் தமிழகக் கரை இரண்டு விபத்துகளில் அறிந்தது. 2015 ஜூன் 8 இரவு, கண்காணிப்புப் பணியில் இருந்த கடலோரக் காவல் படையின் டார்னியர் விமானம் மூன்று அதிகாரிகளுடன் காணாமல் போனது. பழுப்பு நிலக்கரிச் சுரங்க ஊரான நெய்வேலியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் எட்டிவிடும் கடலூர்க் கரை, வெளிப்பார்வைக்குத் தட்டையான மணற்கரை. கடலுக்குள் நிலைமை வேறு. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அப்பால் தரை சட்டென்று இறங்குகிறது. நீருக்கடியில் ஆழமான பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் போனாலே ஒரு கிலோமீட்டர் ஆழம் வந்துவிடும். விமானம் விழுந்த இடமும் அப்படிப்பட்டதே. கருப்புப் பெட்டியோடு பொருத்தியிருந்த ஒலி எழுப்பும் கருவி சுமார் ஒரு மாதம் சத்தம் கொடுக்கக்கூடியது. அந்தச் சத்தத்தைக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் சிந்துத்வஜ் கேட்டது. இடம் குறுகியபின், ரிலையன்ஸ் நிறுவனத்தின் பணியில் இருந்த ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பலிலிருந்து வடத்தில் இறக்கிய இயந்திரம் ஜூலை மாதம் சிதைவுகளையும் கருப்புப் பெட்டியையும் கண்டெடுத்தது.

அங்கே வேலை செய்தது ஏ.யூ.வி. அல்ல, ஆர்.ஓ.வி. எனப்படும் அதன் ஒன்றுவிட்ட உறவு. கப்பலில் உட்கார்ந்திருப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே அதை இயக்குவார். மின்சாரமும் படமும் வடத்தின் வழியே போய்வரும். கைகளைப் போன்ற கருவிகளால் பொருளை எடுக்கும், வெட்டும், திருகும். இடம் இன்னதென்று தெரிந்த பிறகு அதைவிடச் சிறந்த கருவி இல்லை. தெரியாத இடத்தில் தேடத்தான் அது தோதுப்படாது. பல ஆயிரம் மீட்டர் வடத்தை இழுத்துக்கொண்டு கப்பல் ஆமை வேகத்தில் நகர வேண்டும்; வடம் நீரோட்டத்தில் வளையும்; திரும்பும் ஒவ்வொரு முறையும் நேரம் போகும். அந்த வடமே இல்லாமல் ஓடுவதுதான் ஏ.யூ.வி.

இரண்டாவது விபத்து இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப் படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலுக்கு மேலே மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. கடல் மட்டத்தில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. பிறகு ஆழ்கடல் ஏ.யூ.வி. ஒன்று சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. விமானம் கடைசியாகத் தெரிந்த பகுதியில் அதை இறக்கினார்கள். சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் பல்கற்றைச் சோனார், மிக நுணுக்கமாகப் படம் தரும் மற்றொரு வகைச் சோனார், கேமரா ஆகியவற்றால் தேடியதில், சென்னைக் கரைக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், விழுந்த விமானத்தின் பாகங்கள் தரையில் கிடப்பது படமாக வந்தது. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவில்லை. படங்கள் ஏ.என்.-32-ஐ ஒத்திருப்பதாக 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. ஏழரை ஆண்டுகள் எந்தத் தடயமும் இல்லாமல் காத்திருந்த 29 குடும்பங்களுக்குக் கிடைத்த முதல் உறுதியான செய்தி அது. கருவியின் மற்ற பயன்கள் எத்தனை இருந்தாலும், அதற்குச் செலவிட்ட பணம் இந்த ஒன்றிலேயே நியாயமாகிவிட்டது எனலாம்.

அந்த ஊர்தியின் பெயர் ஓ.எம்.இ. 6000. கடல் கனிமங்களைத் தேடுவதற்கென்று வாங்கியது என்பதைப் பெயரே சொல்கிறது: ஓஷன் மினரல் எக்ஸ்ப்ளோரர். நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனம் ஹூகின் என்ற பெயரில் செய்யும் வரிசையைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஆறரை மீட்டர் நீளம், இரண்டு டன் எடை, 6,000 மீட்டர் வரை இறங்கும் திறன். சாகர் நிதி என்ற ஆய்வுக் கப்பல் அதற்குத் தாய்க்கப்பல்.

6,000 மீட்டர் என்பதை எண்ணாக வாசித்துவிட்டுப் போவது எளிது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 600 கிலோவுக்கு மேல் பாரம் அழுத்தும். கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் அரை டன்னுக்கும் கூடுதல். ஊர்தி முழுவதையும் இதற்குத் தாங்கும்படி செய்தால் அது மிதக்கவே மிதக்காது. எனவே வெளிக்கூட்டுக்குள் கடல்நீர் தாராளமாகப் புகுந்து நிற்கும்படி விட்டுவிடுகிறார்கள். நனையக்கூடாத மின்னணுப் பாகங்கள் மட்டும் டைட்டானியம் அல்லது தடித்த கண்ணாடியாலான உருண்டைகளுக்குள் போகும். மிதப்புக்கு, நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைப் பிசினில் கலந்து வார்த்த ஒருவகை நுரைக்கட்டி; அந்த ஆழத்தின் அழுத்தத்திலும் அது ஏறத்தாழச் சுருங்குவதில்லை.

அடுத்த சிக்கல் திசை. கீழே போன ஊர்திக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல ஆள் இல்லை. அது மூன்று வழிகளைக் கலந்து கணக்குப் போடுகிறது. உள்ளே இருக்கும் சுழல்மானிகளும் முடுக்கமானிகளும் ஒவ்வொரு அசைவையும் கூட்டிக் கூட்டி இடத்தைச் சொல்லும். வயிற்றில் உள்ள கருவி தரையை நோக்கி ஒலியை அனுப்பி, திரும்பும் ஒலியின் சுருதி மாற்றத்திலிருந்து தரைக்கு மேல் எந்த வேகத்தில் நகர்கிறோம் என்பதைக் கண்டுபிடிக்கும். மேலே நிற்கும் கப்பல் அவ்வப்போது ஒலியால் அதன் இருப்பிடத்தை அளந்து பிழையைத் திருத்தும். இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் நல்ல கருவியிலும் ஓடிய தொலைவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை சேரும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் நூறு மீட்டர் தள்ளி நிற்கும். விமானத்தின் இறக்கை கிடக்கும் இடத்தை நூறு மீட்டர் தவறாகக் குறித்தால், அடுத்து இறங்கும் கேமரா வெறும் சேற்றைத்தான் படம் பிடிக்கும்.

கடலில் ஒரு நாள் ஆய்வு எப்படிப் போகிறது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். முதலில் கப்பலின் சோனாரால் அந்த வட்டாரத்தைத் தோராயமாக வரைந்துகொள்கிறார்கள். எந்த மேட்டில் மோதும், எந்தச் சரிவு அபாயம் என்பது அதில் தெரியும். அடுத்து, வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும் கருவியைக் கடலடி வரை இறக்கி ஏற்றுவார்கள். தண்ணீரின் வெப்பமும் உப்பும் அழுத்தமும் மாறினால் ஒலியின் வேகம் மாறும். அதைத் திருத்தாமல் விட்டால் எல்லா ஆழங்களும் தவறாக வரும். பிறகுதான் பாதை. வயலில் ஏர் ஓட்டும்போது சால் சாலாகப் போய்த் திரும்புவது போல, இணையான நீண்ட கோடுகளாகப் பாதையைப் போடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளின் சோனார் பரப்புகள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இடைவெளி விழுந்தால் அங்கே எது இருந்தாலும் தப்பிவிடும்.

ஊர்தியைக் கடலில் விடுவதும் திரும்ப எடுப்பதும்தான் ஆய்வுக் குழுவுக்கு அதிகக் கவலை தரும் வேலை. கப்பலின் பின்புறச் சாய்தளத்திலிருந்து அதை வழுக்கி இறக்குகிறார்கள். தரையைச் சேர ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். சேர்ந்ததும் கோடுகளில் ஓடத் தொடங்கும். வேகம் மணிக்கு மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர், மனிதர் விரைந்து நடக்கும் அளவுதான். ஒலி வழியே மேலே வரக்கூடிய தகவல் மிகக் குறைவு. நன்றாக இருக்கிறேன், மின்கலம் இத்தனை, இடம் இது என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் வராது. எடுத்த படங்கள் ஊர்திக்குள்ளேயே இருக்கும். அது மேலே வந்தபின்தான் எதைக் கண்டது என்று யாருக்கும் தெரியும். ஒன்றிரண்டு நாள் கழித்து மேலெழும்பியதும் செயற்கைக்கோள் வழியே தன் இடத்தைச் சொல்லும், விளக்கை மினுக்கும். அலை அதிகமானால் மூக்கில் கொக்கி மாட்டி மேலே இழுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கோடுகளின் உயரம் வேலையைப் பொறுத்தது. சோனார் ஆய்வுக்குத் தரையிலிருந்து ஐம்பது, நூறு மீட்டர் மேலே ஓடினால் போதும். ஒரே ஓட்டத்தில் சில நூறு மீட்டர் அகலம் படமாகும். கேமராவுக்கு அப்படி முடியாது. விளக்கொளி நீரில் சில மீட்டருக்கு மேல் எட்டாததால் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் தரையை ஒட்டியே போக வேண்டும். அகலமும் அந்த அளவுக்கே கிடைக்கும். எனவே முதலில் சோனாரால் அகலமாகத் தேடி, சந்தேகப்படும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அங்கே மட்டும் கேமராவோடு அனுப்புவதே வழக்கம். இவற்றோடு தரைக்கடியில் உள்ள சேற்றுப் படிவங்களைக் காட்டும் ஒலிக்கருவி, காந்தப்புலம் அளக்கும் கருவி, மீத்தேன் உணரி, கலங்கல்மானி என்று தேவைக்கு ஏற்றவை சேரும்.

ஓ.எம்.இ. 6000-ஐ வாங்கியதற்கான மூல காரணம் மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் ஐந்து கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கும் உலோக உருண்டைகள். உருளைக்கிழங்கு அளவுள்ள இவற்றில் மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் இருக்கின்றன. பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்பவை. கவேஷணி என்ற ஆய்வுக் கப்பல் 1981 ஜனவரி 26 அன்று அரபிக் கடலிலிருந்து இத்தகைய உருண்டையை முதன்முதலாக எடுத்தது. 1987-இல் இந்தியாவுக்கு முன்னோடி முதலீட்டாளர் என்ற தகுதி கிடைத்தது. இன்று 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆய்வு செய்யும் உரிமை இருக்கிறது. அங்கே 38 கோடி டன் உருண்டைகள் இருப்பதாக மதிப்பீடு.

வெட்டுவதற்கு முன் அளந்து மதிப்பிடும் இந்த வேலையின் தன்மை நெய்வேலிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டும்போது கரிய பொருள் தென்பட்டது என்றாலும், அதை நம்பி உடனே யாரும் சுரங்கம் வெட்டிவிடவில்லை. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஊரெங்கும் துளை போட்டுப் படிவத்தின் தடிமனையும் ஆழத்தையும் மேலே கிடக்கும் மண்ணின் அளவையும் கணக்கிட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. நிலத்தில் துளையிட்டுத் தெரிந்துகொண்டதைக் கடலில் ஒலியாலும் படத்தாலும் தெரிந்துகொள்ள வேண்டும். அதே 1957-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்பர்வ் என்ற முதல் ஏ.யூ.வி.க்கான வேலை தொடங்கியது என்பது ஒரு தற்செயல் ஒற்றுமை.

வேறுபாடு பரப்பில் இருக்கிறது. 2022 டிசம்பரில் ஓ.எம்.இ. 6000 உருண்டைப் பகுதியில் 5,271 மீட்டர் ஆழத்துக்குப் போய் 14 சதுர கிலோமீட்டரை ஆய்வு செய்தது. பெரிய சாதனைதான். 75,000-த்தின் முன் வைத்துப் பார்த்தால் தொடக்கம் மட்டுமே. மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில், 400 மீட்டர் அகலத்துக்குச் சோனார் படம் எடுத்துக்கொண்டே நிற்காமல் ஓடினால் முழுப் பரப்பையும் முடிக்க ஏறக்குறைய நான்கு ஆண்டு. எட்டு மீட்டர் அகலம் மட்டுமே பார்க்கும் கேமராவால் எடுப்பதென்றால் இருநூறு ஆண்டு. அதனால்தான் எல்லா இடத்தையும் படம் பிடிக்க யாரும் முயல்வதில்லை. மாதிரிக்குச் சில இடங்களை நெருங்கிப் பார்த்து, அங்கே உருண்டைகளை எண்ணி, சோனாரில் அந்த இடம் எப்படித் தெரிந்தது என்பதோடு பொருத்தி, மீதிப் பரப்புக்கு மதிப்பீடு செய்கிறார்கள்.

கூட்டமாக அனுப்புவது இன்னொரு வழி. மலேசியாவின் எம்.எச்.370 விமானத்தைத் தேடி 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் ஒரே கப்பலிலிருந்து எட்டு ஹூகின் ஊர்திகளைச் சேர்ந்தாற்போல் இயக்கி, சில மாதங்களில் 1,12,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் அலசியது. விமானம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வேகம் அதற்கு முன் யாருக்கும் வாய்த்ததில்லை.

இந்தியப் பெருங்கடலின் நடுமுகடுகளில் வேறொரு தேடல் நடக்கிறது. கடலடித் தட்டுகள் பிரியும் இடங்களில் நீர் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிச் சூடாகி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஊற்றாகப் பீறிடுகிறது. தாமிரமும் துத்தநாகமும் கலந்த சல்பைடு அதைச் சுற்றிப் படிகிறது. ஊற்று சில மீட்டர் அகலமே இருக்கும். முகடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம். கண்ணால் தேடிப் பயனில்லை. ஊற்றிலிருந்து எழும் கலங்கலான நீர் முகில் தரைக்குச் சில நூறு மீட்டர் மேலே பக்கவாட்டில் பரவும். அதன் கலங்கலையும் வேதித்தன்மை மாற்றத்தையும் உணர்ந்து, முகிலின் மூலத்தை நோக்கி ஆய்வுப் பரப்பைக் குறுக்கிக்கொண்டே போவதுதான் முறை. தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையமும் சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் இப்படித் தேடி, சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் ஊற்று ஒன்றை ஏ.யூ.வி.யால் படம் எடுத்ததாக 2024 டிசம்பரில் செய்தி வந்தது. சூரிய ஒளியே எட்டாத அந்த இடங்களில் வேதிப்பொருளை உண்டு வாழும் உயிர்க்கூட்டங்கள் இருப்பதால் உயிரியலாளர்களுக்கும் இது பெரிய வரவு.

கடலைத் தவிர வேறு நீர்ப்பரப்புகளிலும் ஏ.யூ.வி. உதவுமா என்று நெய்வேலியில் இருப்பவர் கேட்பது நியாயம். இங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கம் நடக்கும். இறைப்பதை நிறுத்தினால் குழி ஏரியாகிவிடும். ஜெர்மனியின் லவுசிட்ஸ் வட்டாரத்தில் பழைய பழுப்பு நிலக்கரிக் குழிகள் வேண்டுமென்றே நீர் நிரப்பப்பட்டு ஏரிகளாகியிருக்கின்றன. அங்கே மண்சரிவு தீராத அச்சம். 2009 ஜூலையில் அதே நாட்டின் வேறொரு பகுதியில் உள்ள நாக்டர்ஸ்டெட் என்ற ஊரில் அப்படிப்பட்ட ஏரியின் கரை சரிந்து வீடுகளை இழுத்துக்கொண்டு போனதில் மூன்று பேர் இறந்தார்கள். நீருக்கடியில் சரிவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டியது இதனால்தான்.

நீர் நிரம்பிய பழைய சுரங்கங்களுக்குள் போகவென்றே ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் யூஎக்ஸ்-1 என்ற ஊர்தியைச் செய்தார்கள். அறுபது சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை அது. குறுகிய சுரங்க வழிகளில் எந்தப் பக்கமும் திரும்ப அந்த வடிவமே வசதி. பின்லாந்திலும் ஸ்லோவேனியாவின் இட்ரியா பாதரசச் சுரங்கத்திலும் போர்ச்சுகலின் யுரேனியச் சுரங்கத்திலும் 2018-19-இல் சோதித்தபின், இங்கிலாந்தின் எக்டன் தாமிரச் சுரங்கத்தில், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மனிதர் கால் வைக்காத ஆழத்தை முப்பரிமாணமாக வரைந்து வந்தது. வரைபடம் தொலைந்துபோன சுரங்கங்களுக்குள் மீண்டும் முக்குளிப்போரை அனுப்பி உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய லாபம்.

எல்லா நீர்நிலைக்கும் ஏ.யூ.வி. தேவை என்பது இதற்குப் பொருளல்ல. சுரங்க நீர் போய்ச் சேரும் வாலாஜா ஏரியிலும் பெருமாள் ஏரியிலும் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, சோனார் பொருத்திய சிறு ஆளில்லாப் படகு போதும். ஆழமற்ற நீரில் ஜி.பி.எஸ். தலைக்கு மேலேயே இருக்கிறது, கருவியும் மலிவு. ஆழமும் இருட்டும் சேரும் இடத்தில்தான் ஏ.யூ.வி.க்கு வேலை.

இழப்பும் இதில் சாதாரணம். 2005-இல் பிரிட்டனின் ஆட்டோசப் ஊர்தி அண்டார்க்டிகாவின் பனித்தட்டுக்கு அடியில் போய்த் திரும்பவில்லை. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் நிறுவனத்தில் பல ஆண்டு உழைத்த ஏபிஇ ஊர்தி 2010-இல் சிலிக்கு அப்பால் 222-ஆவது முழுக்கில் தொலைந்தது; மிதவைக்கான கண்ணாடி உருண்டை ஒன்று அழுத்தத்தில் நொறுங்கியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். இதற்கெல்லாம் முன்னேற்பாடாக ஊர்தியில் ஒரு எடைக்கட்டி தொங்கும். கணினி செயலிழந்தால், மின்சாரம் தீர்ந்தால், கப்பலிலிருந்து ஒலிக்கட்டளை வந்தால் அது கழன்று விழும். ஊர்தி தானாக மேலேறும். மிதப்பே போய்விட்டால் அதற்கும் வழியில்லை.

இந்தியாவில் சொந்தமாகச் செய்த ஏ.யூ.வி.களும் உண்டு. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் 2006 வாக்கில் மாயா என்ற சிறிய ஊர்தியைச் செய்தது. 200 மீட்டர் வரை இறங்கும். துர்காப்பூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் ஏ.யூ.வி.-150 இடுக்கி நீர்த்தேக்கத்திலும் பிறகு சென்னைக்கு அப்பால் கடலிலும் சோதிக்கப்பட்டது. 150 மீட்டர் என்பது பெயரிலேயே இருக்கிறது. சென்னை நிறுவனம் ரோசப் 6000 என்ற ஆர்.ஓ.வி.யை 2010-இல் 5,289 மீட்டருக்கு இறக்கிக் காட்டியது. ஆழத்தைத் தாங்கும் திறமை இங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. என்றாலும் ஆறாயிரம் மீட்டர் ஏ.யூ.வி.யை வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை 4,077 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த ஆழ்கடல் இயக்கத்தில், மூன்று பேரை ஏற்றிச் செல்லும் மத்ஸ்யா 6000 பற்றித்தான் ஊடகங்கள் அதிகம் பேசுகின்றன. மனிதர் இறங்குவது கிளர்ச்சியூட்டும் செய்திதான். ஆனால் அவர் எங்கே இறங்கலாம் என்பதை ஏ.யூ.வி. வரைந்த படம்தான் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைச் செய்யும் கருவியும் இங்கேயே உருவாக வேண்டியது அவசியம். உதிரிப் பாகத்துக்கும் பழுதுநீக்கத்துக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும் ஆய்வுக் கப்பலின் ஒவ்வொரு நாளும் வீண்.

ஏ.யூ.வி. எடுக்கும் படம் சுரங்கம் வெட்ட நினைப்பவருக்கு மட்டும் உதவுவதல்ல. 1989-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பெரு நாட்டுக்கு அப்பால், நான்கு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், உருண்டைகள் கிடக்கும் தரையைச் சோதனைக்காக உழுதுவிட்டு வந்தார்கள். 2015-இல், 26 ஆண்டு கழித்து, அபிஸ் என்ற ஏ.யூ.வி.யை அங்கே இறக்கியபோது உழுத தடங்கள் அழியாமல் அப்படியே இருந்தன. பல உயிரினங்கள் திரும்பி வந்திருக்கவில்லை. இந்தியாவும் 1997-இல் தன் உருண்டைப் பகுதியில் இதுபோல் தரையைக் கலக்கிப் பார்த்து விளைவைப் பின்தொடர்ந்தது. நெய்வேலியில் வெட்டியெடுத்த குழியை மேல்மண்ணால் நிரப்பி மரம் நடலாம். மண்ணும் மழையும் அதற்குத் துணை நிற்கும். நூறு ஆண்டில் மிக மெல்லிய படலம் மட்டுமே படியும் ஆழ்கடல் தரையில் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே வெட்டுவதற்கு முன் இருந்த நிலையை, ஒரு சதுர மீட்டரில் எத்தனை உயிர், எத்தனை உருண்டை, எவ்வளவு சேறு என்ற அளவில் பதிவுசெய்து வைப்பது கனிமக் கணக்குக்கு இணையான முக்கியம் உடையது. சர்வதேசக் கடல்தரை ஆணையத்துடன் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களும் இந்த அடிப்படைத் தரவைக் கேட்கின்றன.

உலகக் கடல் தரையில் நவீன முறையில் அளந்து முடித்தது இதுவரை நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது. 2017-இல் தொடங்கிய சீபெட் 2030 திட்டம் மீதியையும் வரைய முயல்கிறது. அதில் பெரும்பகுதியைக் கப்பல்களே அளக்கும்; அகலமாக அளப்பதற்கு அவைதான் ஏற்றவை. கப்பல் வரைந்த படத்தில் எங்கே நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று முடிவாகிறதோ அங்கே ஏ.யூ.வி. இறங்கும். இந்தியாவுக்கு அடுத்து அப்படிப்பட்ட இடம் அரபிக் கடலின் கார்ல்ஸ்பெர்க் முகடு. அங்கே 10,000 சதுர கிலோமீட்டரில் சல்பைடு படிவுகளைத் தேடும் ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் கையெழுத்தானது. காலம் 15 ஆண்டு.